போய்ச் சேர்ந்ததா என்று கேள்

தரங்கம்பாடி,
வைகாசி 2

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

அக்காவின், உன் அம்மாவின், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீயே பார்த்து எழுது. அவளிடம் போனில் கேட்டால் “ஒண்ணுமில்லடா” என்று சொல்லி வைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ கடைசியாகக் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது: “கடலையே பார்க்காதவ, கடல்ல போறவங்களுக்கு என்னத்த மாமா சொல்றது?” உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அதனால்தான் கடிதம். தபால் கிளாவரை வந்து சேர நாலைந்து நாள் ஆகும். உன் வேலை தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றாயே, போதும்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். இரண்டு மாதம், வீட்டிலிருந்தே வேலை. தினமும் காலையில் வெளியாகிற அலை, காற்று, நீரோட்ட முன்னறிவிப்பை எடுத்து, எளிய தமிழில் எழுதி, உன் குரலில் ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பிறகு பட்டியலில் இருக்கிற மீனவர்களைக் கூப்பிட்டுப் பேசி, வாரம் ஒரு அறிக்கை எழுத வேண்டும். கல்லூரிக்கு இன்டர்ன்ஷிப் மதிப்பெண், உனக்கு ஒரு சான்றிதழ். உதவித்தொகை உண்டா இல்லையா என்று நீ இன்னும் கேட்கவில்லை என்றாய். கேட்டுவிடு. இல்லை என்றால், இல்லை என்று தெரிந்துகொண்டு செய். தெரியாமல் காத்திருந்து மனம் கசந்து செய்கிற வேலையில் தப்பு வரும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கொடைக்கானலில் ஏறுகிற பஸ் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி எங்கே போய்த் திரும்புகிறது? நம் ஊரில். அதற்கு மேல் ரோடு கிடையாது. மலையைத் தாண்டினால் கேரளத்து வட்டவடை, அதுவும் நடைதான். எந்தச் செய்தியும் நமக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். ரேடியோவில் “கொடைக்கானலில் மழைக்கு வாய்ப்பு” என்று சொல்வார்கள். கொடைக்கானலில் மழை கொட்டுகிற அன்று நம் ஊரில் வெயில் காயும். அங்கே வெயில் அடிக்கிற அன்று நம் ஊரில் மூடுபனியில் எதிர்வீடு தெரியாது. உருளைக்கிழங்கு போட்ட வருடம் ஒன்றில், ரேடியோவை நம்பி என் அப்பா, உன் தாத்தா, ஒரு வாரம் தள்ளிக் கிழங்கு தோண்டினார். பாதி அழுகிப்போனது. அன்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அவங்க சொன்னது நம்ம மழையை இல்ல” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வரிதான், பாப்பா, இங்கே கடற்கரையில் நான் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது. “தென்மேற்கு வங்கக்கடல் பகுதியில் சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்” என்று வரும். உடனே படகுக்காரர் கேட்பார்: “அது எங்க கடலா, வாத்யாரே?” தென்மேற்கு வங்கக்கடல் என்பது எவ்வளவு பெரிய பரப்பு! அதில் அவர் போகிற இடம் கரையிலிருந்து சில மைல் தண்ணீர். தன் ஊர் மழையைத் தனக்கு யாரும் சொல்லவில்லை என்கிற வருத்தம் என்னவென்று கிளாவரைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? அலைவாய்க்கரையில் பிறந்தவனுக்குக் கடல் தெரியும். கடைசி ஸ்டாப்பில் பிறந்தவளுக்குச் செய்தி வராமல் போவது தெரியும். உன் வேலைக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும். கடலைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

கடலுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்றும் நினைத்துவிடாதே. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. இங்கே காற்று அடங்கியபோது அது திண்டுக்கல் தாண்டி உங்கள் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, கரண்ட் போய்க் கிடந்த நாட்கள் உனக்கே நினைவிருக்கும். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அன்று அக்காவுக்கு நான் போன் போட்டேன், அவள் எனக்குப் போட்டாள். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

திருப்பியும் பார். நம் ஊருக்குக் கீழே வடக்கே சரிகிற ஓடைகள் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கித் தேனாற்றில் சேர்ந்து அமராவதி அணைக்குப் போகின்றன. அமராவதி கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலில் விழுகிறது. பூம்புகார் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடற்கரை மணல் கடல் உண்டாக்கியது இல்லை. பெரும்பகுதி ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்து போட்டது. ஆற்றில் அணை நிற்கிறது, மணல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மிச்சத்தை லாரியில் அள்ளிவிடுகிறார்கள். கரைக்கு மணல் வருவது குறைந்தால், அலை கரையைத் தின்னத் தொடங்கும். எங்கள் மாசிலாமணிநாதர் கோயிலை வந்து பார். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். பாதிக்கு மேல் கடல் கொண்டுபோய்விட்டது. சென்னையில் இருக்கிற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நாட்டின் கரையோரத்தை அளந்து பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.6 சதவீதம் அரிப்பில் இருந்தது. இந்த எண் அறிக்கையில் இருக்கிறது. இந்தக் கோயில் கல் அலையில் கிடக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் உன்னை எடுத்திருக்கிறார்கள்.

இனி வேலையைப் பற்றி. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்கிறேன், அது கொஞ்சம் வலிக்கிற கதை.

சுனாமிக்குச் சில வருடம் கழித்து, எங்கள் மீன் இறங்குகிற இடத்தில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், எழுத்து அழகாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை முன்னறிவிப்பு கொடுக்கிறது. அதைப் பார்த்துத் தினமும் மாலையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவேன். ஒரு நாள் ‘அலை 1.5 மீட்டர்’ என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். மறுநாள் விடியுமுன் ஒரு அப்பாவும் மகனும் ஃபைபர் படகில் போனார்கள். திரும்பி வரும்போது கரைக்கு அருகில் எழும்பிய அலை படகைக் கவிழ்த்துவிட்டது. பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வலையும் இன்ஜினும் போயிற்று.

அன்று சாயங்காலம் பையனின் தாத்தா பலகைக்கு வந்தார். நான் எழுதியதைக் கையால் தொட்டார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. “வாத்யாரே, நீங்க எழுதின ஒன்றரை மீட்டர் எங்க இருந்துச்சு? எம்பையன் பார்த்தது மூணு மீட்டர்” என்றார். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். முன்னறிவிப்பில் வருகிற அலை உயரம் எல்லா அலைகளின் உயரமும் இல்லை, அதிகபட்ச உயரமும் இல்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதற்குச் சராசரி போடுகிறார்கள். ஆகவே ஒன்றரை மீட்டர் என்றால் அதைவிட உயரமான அலைகள் கட்டாயம் வரும். எப்போதாவது ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கும் வரும். அந்தக் கணக்கு சரிதான். அதை எழுதின நான்தான் பாதியை முழுங்கிவிட்டேன். முழுங்கியது தெரியாமலே முழுங்கினேன். மறுநாளிலிருந்து பலகையில் இப்படி எழுதினேன்: ‘பெரும்பாலும் ஒன்றரை மீட்டர். நடுவில் ஒன்றிரண்டு மூன்று மீட்டர் வரை எழும்பலாம். இன்று மாலை 5 மணி முதல் நாளை மாலை 5 மணி வரை.’ எழுத இடம் பத்தவில்லை, எழுத்தைச் சின்னதாக்கினேன்.

பையனுக்குக் கை சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பெரியவரின் சுண்ணாம்பு விரலை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு எண்ணை நீ படித்ததும் அதன் அர்த்தம் உனக்கே தெரியாவிட்டால் பதிவு செய்யாதே. அன்றைக்குச் செய்தி தாமதமாகப் போகட்டும், உன் மேற்பார்வையாளரைக் கேள். “இதுகூடத் தெரியாதா” என்று அவர் நினைப்பாரே என்று கூச்சப்படாதே. கேட்காமல் எழுதியதற்கு நாங்கள் ஒரு தோள்பட்டை கொடுத்திருக்கிறோம்.

வார்த்தை விஷயத்திலும் கவனம் வேண்டும். நீ மீட்டர் என்று சொல்வாய், இங்கே ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் கிட்டத்தட்ட ஆறு அடி. நீரோட்டத்தைச் சென்னைப் பக்கம் ‘வெள்ளம்’ என்பார்கள், தெற்கே போனால் ‘நீவாடு’. நீ “வெள்ளம் அதிகமாக இருக்கும்” என்று சொன்னால் ஒரு ஊரில் நீரோட்டம், இன்னொரு ஊரில் வீட்டுக்குள் தண்ணீர். வாடை என்றால் வடகாற்று, கொண்டல் என்றால் கீழ்க்காற்று, இவை பெரும்பாலும் ஒன்றுதான். கச்சான் என்றால் ஒரு ஊரில் மேற்கு, இன்னொரு ஊரில் தென்மேற்கு. அதனால் முதல் வாரம் நீ எதையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இரு. ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஊரில் எதற்கு என்ன பேர் என்று எழுது. சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் எஸ். பாளையம் என்கிற மூத்த மீனவர் சொன்ன காற்று, நீரோட்டப் பெயர்களையும் கணக்குகளையும் இளைஞர்கள் அவரோடு இருந்து பதிவு செய்திருக்கிறார்கள். கிடைத்தால் படி. செயற்கைக்கோள் பார்க்காததை அவர் பார்த்திருக்கிறார் என்று தெரியும்.

விஞ்ஞானம் மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை என்பதற்கு ஒரு சொல்லே சாட்சி. கேரளக் கரையில் காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். திருடன் மாதிரி வருவதால் மீனவர்கள் அதைக் ‘கள்ளக்கடல்’ என்றார்கள். அலை இங்கே உண்டாவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல், சில நாள் கழித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து மோதுகிறது. 2012இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. இன்று இன்காய்ஸ் எச்சரிக்கையிலும் அதே பேர்தான்.

அந்த எச்சரிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 மே மாதத் தொடக்கத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளம்பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் போய்விட்டார்கள். உன்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள். அன்று வானம் தெளிவாக இருந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்? எச்சரிக்கை இருந்தது. அது அந்தக் கரையில் கால் நனைக்கப் போன பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, பாப்பா. செய்தி வெளியானது என்பது ஒன்று, செய்தி போய்ச் சேர்ந்தது என்பது வேறு. நீ செய்யப்போவது இரண்டாவது வேலை. ‘அனுப்பிவிட்டேன்’ என்று அறிக்கையில் எழுதாதே. ‘இத்தனை பேரைக் கேட்டேன், இத்தனை பேர் திருப்பிச் சொன்னார்கள், இன்னார் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்’ என்று எழுது.

திருப்பிச் சொல்லச் சொல்வது எப்படி என்றும் சொல்லித்தருகிறேன், ஏனென்றால் பெரியவர்களைப் பரீட்சை வைப்பது மாதிரிக் கேட்டால் கோபம் வரும். “புரிஞ்சுதாய்யா?” என்று கேட்காதே. எல்லாரும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள். “ஐயா, நான் சொன்னது சரியா வந்துச்சான்னு பார்க்கணும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா நீங்க என்னன்னு சொல்வீங்க?” என்று கேள். அப்போது அவர் சொல்வார். அதில் உன் தப்பு தெரியும்.

செய்தியே போய்ச் சேராத நாள் ஒன்று உண்டு: 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. இந்தக் கரைக்கு அலை வந்தபோது ஏறக்குறைய ஒன்பது மணி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. இரண்டு மணி நேரம்! கிளாவரையில் இருந்து கொடைக்கானல் பஸ்ஸில் போய்ச் சேர்கிற நேரம். அதற்குள் ஊரையே மேட்டுக்கு ஏற்றியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை, சொல்ல வழி இல்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர். என் வகுப்பில் ஏழாம் பாடவேளையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடல் படம் வரைகிற பிள்ளையும் அதில் ஒன்று. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

ஆனால் அதே காலையில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்கிற மீனவ ஊரில் நடந்ததை எழுதலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழாக்கி, தினமும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. சுனாமி அன்று சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதே ஒலிபெருக்கியில் “கரையை விட்டு ஓடுங்கள்” என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆட்கள் தப்பினார்கள்.

இதை எல்லாரும் போனின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒலிபெருக்கி பல வருடம் தினமும் “இன்று அலை இவ்வளவு” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கவே சலிப்பான செய்தி. ஆனால் சொன்னபடியே இருந்தது, நாள் தவறாமல் வந்தது. அதனால்தான் அன்று அது கத்தியபோது யாரும் “என்ன விளையாட்டா?” என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உன் இரண்டு மாதத்தில் பெரிய புயல் ஒன்றும் வராமல் போகலாம், வராமல்தான் போக வேண்டும். “இன்று கடல் அமைதி” என்று ஐம்பது நாள் நீ சொல்லலாம். மூன்றாவது வாரம் உனக்குச் சலிக்கும். ‘தினமும் இதைத்தானே சொல்றோம், இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன’ என்று தோன்றும். விடாதே. கரண்ட் போய்விட்டது, சிக்னல் இல்லை என்றால் நேரத்தோடு யாரிடமாவது சொல்லிவை, வேறு ஒருவர் பதிவு போடட்டும். நம் வீட்டில் எந்த மூலையில் சிக்னல் எடுக்கும் என்று உனக்குத் தெரியும். முதல் நாள் இரவே தரவிறக்க வேண்டியதைத் தரவிறக்கி வை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேசினால் குரலில் காற்று இரையும். பூண்டு தொங்குகிற உள்ளறையில் பதிவு செய், அங்கே எதிரொலி இருக்காது.

பொய்ச்செய்தி பற்றி நீ கேட்டாய். சுனாமிக்கு நான்காம் நாள், டிசம்பர் 30, மறுபடி அலை வருகிறது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. பிணம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். நானும் உன் அத்தையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அலை வரவில்லை. அதற்குப் பிறகு பல மாதம், நல்ல எச்சரிக்கையையும் பாதிப் பேர் நம்பவில்லை. நம் ஊரிலேயே பார்த்தாயே, 2024 செப்டம்பரில் தண்ணீர் வரவில்லை என்று காட்டுக்குள் போய்ப் பார்த்தவர்கள், செருப்பனோடைப் பக்கம் நிலம் 300 அடி நீளத்துக்குப் பிளந்து கிடப்பதைக் கண்டார்கள். நிலவியல் அதிகாரிகள் வந்து பார்க்கும் முன்னே என் போனுக்கு எத்தனை வீடியோ வந்தது! ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். அக்கா அழுதுகொண்டே பேசினாள். பிளவு நிஜம், காரணங்கள் யாரோ சொந்தமாகச் சேர்த்தவை. நீ ஒன்றும் சேர்க்காதே. பயத்தைக் குறைக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தில்கூடக் குறைக்காதே. “கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்று வந்தால் அதையே அப்படியே சொல். “போகாம இருந்தா நல்லது” என்று மென்மையாக்கினால், கடன் கட்ட வேண்டிய ஒருவர் அந்த ‘நல்லது’க்குள் புகுந்து போய்விடுவார்.

சொல்லவே முடியாத இடமும் உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது, கன்னியாகுமரிக் கரையின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் வேலை செய்யாது. கரையில் என்னதான் கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது. பலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு 2019 அக்டோபரில் ஜெமினி என்று ஒரு கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, படகில் இருக்கிற போனுக்கு ப்ளூடூத்தில் கொடுக்கும். ஆனால் வருவதை அது வாங்கித்தான் தரும், படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. அதனால் அதில் போகிற வாசகம் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும், மறுகேள்வி கேட்க வழியில்லை பார்.

மீன் எங்கே கிடைக்கும் என்கிற அறிவிப்பும் உன் கையில் வரும். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் பார்த்து, சூடும் குளிர்ச்சியும் சந்திக்கிற இடத்தில் இரை சேரும், மீனும் சேரும் என்று கணிக்கிறார்கள். மேகம் மூடினால் அது பார்க்காது. மீன்பிடித் தடைக்காலத்தில் வெளியிட மாட்டார்கள். இப்போது அந்தக் காலம்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். உனக்கு இது நல்ல நேரம், பேச ஓய்வு இருக்கும். ஃபைபர் படகுக்காரர்களை மட்டும் மத்தியானம் கூப்பிடாதே. விடியுமுன் கடலுக்குப் போய்வந்து தூங்குவார்கள். நாலு மணிக்கு மேல் கூப்பிடு. எடுத்ததும் மீன் கிடைத்ததா என்று கேட்காதே, “கரை சேர்ந்துட்டீங்களா” என்று கேள்.

பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று பார். ஒருவரும் இல்லை என்றால் சேர்க்கச் சொல். கூடை தூக்கி விற்கிற அம்மாவுக்கு நாளைக்குப் படகு போகுமா போகாதா என்று முந்தின நாளே தெரிந்தால் ஐஸ் வாங்கலாமா, வட்டிக்குப் பணம் வாங்கலாமா என்று முடிவு செய்வாள். நம் வீட்டுப் பூண்டுக்கு வடுகபட்டிச் சந்தையில் இன்று என்ன விலை என்று வியாபாரிக்கு முதலில் தெரிந்து உன் அம்மாவுக்குக் கடைசியில் தெரிகிறதே, அதே கதைதான் இது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியையே அக்காவுக்கு நான்தான் சொன்னேன், பேப்பரில் பார்த்து.

பட்டியலில் இருப்பவர்களின் போன் நம்பர்களைத் தோழிகளுக்குக்கூடக் கொடுத்துவிடாதே. பதிவில் எப்படிப் பேசுவது என்று கேட்டால், பாம்பனில் 2016இலிருந்து ‘கடல் ஓசை’ என்று 90.4இல் மீனவர்களுக்காகவே சமுதாய வானொலி ஒன்று நடக்கிறது. அவர்கள் பேசுகிற விதத்தைக் கேட்டுப் பார். வாசிக்காமல் பேசுகிறார்கள். நீயும் வாசிக்காதே, உன் அப்பாவிடம் வயலுக்குத் தகவல் சொல்வது மாதிரிப் பேசு. உன் மலைப்பேச்சு அப்படியே வரட்டும். அதைக் கேட்டு இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், “எந்த ஊரும்மா?” என்றுதான் கேட்பார்கள்.

வேலை முடிவதற்குள் ஒரு முறையாவது இங்கே வா. காலை பஸ்ஸில் கொடைக்கானல், வத்தலக்குண்டு வழி திண்டுக்கல், அங்கிருந்து திருச்சி, மயிலாடுதுறை. மயிலாடுதுறை ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். ஸ்வெட்டர் வேண்டாம், பருத்தித் துணி எடுத்துக்கொள். அத்தை மீன் குழம்புக்கு நம் பூண்டு கேட்கிறாள், புகையில் காய்ந்தது.

வருவதற்கு முன், முதல் நாள் பதிவு செய்கிறதை வெளியே அனுப்புமுன் எனக்கு அனுப்பு. பலகையைத் தொட்டுக் கேட்ட அந்தப் பெரியவர் இப்போதும் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். மாலையில் பலகைக்குப் பக்கத்துத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். உன் குரலை அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் என்ன திருப்பிச் சொன்னார் என்று வார்த்தை மாறாமல் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாமா